அம்மாவின் குத்துவிளக்கும் 96 ஆடுகளும்

சம்பா அறுப்பு முடிஞ்சு, வைக்கோல் கட்டி வித்து, இப்பத்தான் கொஞ்சம் உட்கார நேரம் கிடைச்சிருக்கு. ரெண்டு மாசமா எதுவும் எழுதலை. இன்னிக்கு வயல் சமாச்சாரம் இல்லை, விளக்கு சமாச்சாரம். கடைசியில் வயலுக்குத்தான் வந்து சேரும், பொறுமையா படிங்க.

வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். சீர் சாமான் வாங்கணும். பித்தளை விற்கிற விலையில் குத்துவிளக்கு, குடம், அண்டான்னு போனா கையில் இருக்கிறது பத்தாது. "அத்தை விளக்கு சும்மாத்தானே இருக்கு, அதைப் போட்டுட்டு மேல கொஞ்சம் கொடுத்துப் புது விளக்கா வாங்கிடலாமே"ன்னு வீட்டில் சொன்னாங்க. தப்பாச் சொல்லலை, கணக்குப் பார்த்துத்தான் சொன்னாங்க. அம்மா போய் ஒரு வருஷம் ஆச்சு. செவ்வாய், வெள்ளியில் விளக்கை வெளியே எடுக்கக் கூடாதுன்னு புதன்கிழமையாப் பார்த்து, சாக்கில் சுத்தி எடுத்துக்கிட்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன்.

பாத்திரக் கடையில் தராசில் வெச்சாங்க. ஆறு கிலோ எண்ணூறு கிராம். கடைப் பையன் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கு, நூறு கிராம் கழிச்சுக்குவோம்ண்ணே"ன்னு சொன்னான். கடை வழக்கம் அது, அவனைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா அந்த நூறு கிராம் என்னன்னு எனக்குத் தெரியும். கிட்டத்தட்ட அறுபது வருஷமா அம்மா ஊத்தின எண்ணெய். தட்டுக்கும் தண்டுக்கும் நடுவில், மரைக்குள்ளே, புளி போட்டுத் தேய்ச்சாலும் போகாம நின்ன எண்ணெய். எனக்கு என்னமோ கை வரலை. "அப்புறம் வர்றேன் தம்பி"ன்னு சொல்லிட்டு அதே சாக்கில் சுத்திக்கிட்டு வந்துட்டேன்.

அன்னியிலேர்ந்து விளக்கைப் பத்தி யோசனையாவே இருக்கு. நான் பத்தாவதோட நின்னவன். ஆனா கோயில் கல்வெட்டு, பழைய பாட்டு இதிலெல்லாம் ஒரு பைத்தியம் உண்டு. எங்க ஊர்ல ரிடையர் ஆன தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருந்தார். அவர்கிட்டப் புத்தகம் வாங்கிப் படிச்சது, கேட்டது எல்லாம் சேர்த்து எழுதுறேன்.

முதல்ல இந்த விளக்கு பிறந்த ஊர். அம்மாவோட அப்பா நாச்சியார்கோயில்ல வாங்கிக் கொடுத்தது. கும்பகோணத்துலேர்ந்து திருவாரூர் ரோட்டுல பத்து கிலோமீட்டர். பெருமாள் கோயில் கல் கருடனுக்கும் குத்துவிளக்குக்கும் பேர் போன ஊர். 2010-ல அந்த விளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. அங்கே பத்தர்மார் பட்டறையில் நான் நின்னு பார்த்திருக்கேன். நமக்குத் தெரிஞ்ச மண்ணுதான் அவங்களுக்கும் முதல். காவிரி வண்டல். கையில் அள்ளிப் பிடிச்சா பிடி அப்படியே நிக்கணும். அந்த மண்ணைப் பெட்டியில் இறுக்கி, அச்சை வெச்சு எடுத்தா, கோடு கோடாப் பதிஞ்சிருக்கும். மூசையில் உருக்கின பித்தளையை அதில் ஊத்துவாங்க. ஆறினதும் மண்ணை உடைச்சு எடுத்து, அரம் போட்டு, கடைசல் பிடிச்சா பளபளன்னு வரும்.

அடி, தண்டு, தட்டு, உச்சி எல்லாம் தனித்தனி. மரை போட்டுச் சேர்க்கிறது. உச்சியில் அன்னம் உட்கார்ந்திருக்கும். அடி பிரம்மா, தண்டு பெருமாள், மேலே சிவன்னு பெரியவங்க சொல்லுவாங்க. நான் விவசாயி கண்ணில் பார்த்தா, அகலமான அடி விளக்கு சாயாம இருக்க, அதோட விளிம்பு வழியிற எண்ணெய் தரையில் படாம இருக்க, தண்டில் இருக்கிற வளையம் கைக்குப் பிடிமானம். அழகும் உண்டு, உபயோகமும் உண்டு. நல்ல ஏர் மாதிரி.

ஆனா பித்தளை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே விளக்கு கும்பிடுறது இருந்திருக்கு. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடின நெடுநல்வாடைன்னு ஒண்ணு. அடைமழைக் காலம். வானம் மூடிக் கிடக்கிறதால பொழுது போச்சா இல்லையான்னே தெரியலை. ஊர்ப் பொம்பளைங்க பிச்சிமொட்டைத் தட்டில் வெச்சிருக்காங்க. மொட்டு விரிஞ்சு வாசனை வந்ததும் சாயங்காலம் ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு விளக்கேத்துறாங்க. அது இரும்பு விளக்கு. ஏத்திட்டு நெல்லும் பூவும் தூவிக் கும்பிடுறாங்க. வாத்தியார் இதைச் சொன்னப்ப எனக்குச் சிலிர்த்துப் போச்சு. எங்க அம்மாவும் கார்த்திகை அன்னிக்கு விளக்கடியில் ஒரு கை நெல்லு போட்டுத்தான் ஏத்துவாங்க. யாரும் சொல்லிக் கொடுத்து இல்லை.

அதே பாட்டில் அரண்மனைக்குள்ளே வேற விளக்கு. யவனர் செஞ்ச பாவை, அதாவது பொம்பளைச் சிலை, கையில் அகல் ஏந்தி நிக்குது. அதில் நெய் நிறைய ஊத்தித் தடிமனாத் திரி போட்டிருக்கு. கடல் தாண்டி வந்தவங்க செஞ்ச விளக்கு அரண்மனையில், இரும்பு விளக்கு நம்ம மாதிரி வீட்டில். அன்னிக்கும் அப்படித்தான்.

அடுத்தது சோழர் காலம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. சோழர் கல்வெட்டில் அடிக்கடி வர்ற தானம் என்னன்னு பார்த்தா நந்தா விளக்கு. ராத்திரி பகல் அணையாம எரியணும். நிலைவிளக்கு செஞ்சு கொடுத்தவங்களும் உண்டு. அதோட எடையையும் பலக்கணக்கில் கல்லில் வெட்டி வெச்சிருக்காங்க. ஆனா விளக்குச் செய்யிறது ஒரு நாள் செலவு. எரியணும்னா தினம் நெய் வேணும். அதுக்கு என்ன ஏற்பாடுங்கிறதுதான் கல்வெட்டில் பெரிய விஷயமே.

ஒரு விளக்குக்கு 96 ஆடு. தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் செஞ்ச ஏற்பாட்டில் 96 ஆடு, இல்லேன்னா 48 பசு, இல்லேன்னா 16 எருமை. அதை இடையர்கிட்ட ஒப்படைச்சுடுவாங்க. ஆடவல்லான்னு கோயில் அளவு ஒண்ணு உண்டு. அந்த அளவில் தினம் ஒரு உழக்கு நெய் கொண்டுவந்து அளக்கணும். நாலு உழக்கு ஒரு நாழி. அந்த ஆடுகளுக்குப் பேரு சாவா மூவாப் பேராடு. சாகாத ஆடு, கிழடாகாத ஆடு. ஆடு சாகாம இருக்குமா? செத்தாலும் கிழடானாலும் குட்டியை வளர்த்து எண்ணிக்கையைக் குறையாம வெச்சுக்கணும்னு அர்த்தம். பேங்க்ல போட்ட முதல் மாதிரி.

எதுக்கு 96? சில ஊர்ல வேற கணக்கும் இருக்கு, ஆனா அதிகம் இதுதான். எனக்கு இது புரியாமலே இருந்துச்சு. ஒரு உழக்கு நெய்க்கு 96 ஆடு ஜாஸ்தி இல்லையா? அறுப்புக்கு அப்புறம் ராமநாதபுரத்துப் பக்கத்துலேர்ந்து கீதாரிங்க எங்க வயல்ல கிடை போட வருவாங்க. இந்த வருஷம் வந்தவர்கிட்டக் கேட்டேன். அவர் சிரிச்சுட்டார். "நூறு ஆடு நிக்கிதுன்னா நூறும் கறக்குமாண்ணே? பாதி சினையா இருக்கும், கொஞ்சம் வறண்டு நிக்கும், கெடா இருக்கும், மறி இருக்கும். குட்டி போட்டதுலயும் குட்டி குடிச்சது போகத்தான் நமக்கு. கோடையில அதுவும் இல்ல"ன்னார். அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. கோடையிலயும் உழக்கு குறையக் கூடாதுன்னா அவ்வளவு ஆடு வேணும். நல்ல காலத்தில் மிஞ்சுற பாலும் குட்டியும் மேய்க்கிறவனுக்கு ஆகும். கல்லில் அப்படி எழுதியிருக்கான்னு கேட்காதீங்க, இது நானும் கீதாரியும் வரப்பில் உட்கார்ந்து போட்ட கணக்கு. ஆனா அந்த எண்ணைச் சொன்னவனுக்கு ஆட்டுக்காரன் கஷ்டம் தெரிஞ்சிருக்கு.

இன்னொரு விஷயமும் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கு. ஆடு வாங்கின இடையர் பேரோட, அவர் சொந்தக்காரங்க பேரையும் எழுதியிருக்காங்க. ஜாமீன் மாதிரி. அவர் கொடுக்கலேன்னா இவங்க கொடுக்கணும். ராஜா பேரை எல்லாரும் சொல்றோம். அந்தக் கல்லில் ஆடு மேய்ச்சவங்க பேரும் ஆயிரம் வருஷமா நிக்குது.

கொலைக்குக்கூட விளக்கு வெச்சுத் தீர்த்திருக்காங்க. வேட்டைக்குப் போனவன் மிருகம்னு நினைச்சு மனுஷன் மேல அம்பு விட்டுட்டான். வேணும்னு செஞ்சதில்லை. ஊர்ச்சபை கூடி, இவன் சாக வேண்டாம், செத்தவன் பேரில் கோயிலுக்கு விளக்கு வைக்கட்டும்னு தீர்ப்புச் சொல்லியிருக்கு. இப்படிப் பல கல்வெட்டு இருக்கு. ஒரு உயிர் போனதுக்குப் பதிலா இன்னொரு உயிரை எடுக்காம, அணையாத விளக்கு ஒண்ணைக் கேட்டிருக்காங்க.

இது ஆடு கொடுக்க வசதி இருந்தவங்க கதை. இல்லாதவங்க கதை பெரியபுராணத்தில் இருக்கு. சேக்கிழார் சொல்ற 63 பேரில் மூணு பேர் விளக்குக்காகவே நாயன்மார் ஆனவங்க. திருவொற்றியூர் கலியர் செக்காட்டுற குடும்பம். தினம் கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊத்தி ஊத்திச் சொத்தெல்லாம் கரைஞ்சுது. கூலிக்குச் செக்கு ஓட்டி ஊத்தினார். அதுவும் இல்லாம போனப்ப தன் கழுத்தை அறுத்து ரத்தத்தை ஊத்தத் துணிஞ்சார். கணம்புல்லர் புல்லறுத்து வித்து, அந்தக் காசில் நெய் வாங்கி எரிச்சவர். புல்லு விக்காத நாளில் புல்லையே எரிச்சார், அது பத்தாம தலைமுடியையே வெச்சார். நமிநந்தியடிகள் திருவாரூர்ல விளக்கேத்த நெய் கேட்டுப் போன வீட்டில் கேலிதான் கிடைச்சுது. குளத்துத் தண்ணியை ஊத்தி எரிச்சார்னு புராணம் சொல்லுது.

தண்ணி எரியுமா, ரத்தம் எரியுமான்னு வாதம் பண்ணலாம். எனக்குப் படுறது வேற. மூணு பேர் கதையிலயும் விளக்கு என்ன உலோகம், எவ்வளவு உயரம்னு பேச்சே இல்லை. இன்னிக்கு ஊத்த என்ன இருக்குங்கிறதுதான் மூணு பேருக்கும் கவலை.

அழகுக்குன்னு சொல்லணும்னா பாவை விளக்கைச் சொல்லணும். நெடுநல்வாடையில் வந்த அதே பாவைதான், பிற்காலத்தில் கோயில் விளக்கா ஆயிருக்கா. இங்கே பக்கத்தில் திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் பாவை விளக்கு ரொம்பப் பிரசித்தி. அது ஏதோ ஒரு பொம்மை இல்லை, நிஜமா வாழ்ந்த பொம்பளையோட உருவம். தஞ்சாவூர் மராட்டிய அரச குடும்பத்து அம்மணி அம்மாள். மாமன் மகன் பிரதாபசிம்மரைக் கட்டிக்கணும்னு ஆசைப்பட்டு, நடந்தா லட்சம் விளக்கு ஏத்துறேன்னு சாமிக்கு வேண்டிக்கிட்டாங்க. நடந்துச்சு. லட்சத்தையும் ஏத்தி, அதில் ஒரு விளக்கா தன் உருவத்தையே செஞ்சு வெச்சாங்க. பீடத்தில் எழுத்து இருக்கு. வருஷம் 1853. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு தஞ்சாவூர் ராஜா வாரிசு இல்லாம போய், ராஜ்ஜியத்தைக் கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டான். அரண்மனை அதிகாரம் போச்சு. கையில் அகலோட அந்தம்மா மட்டும் நிக்கிறாங்க.

இப்ப எங்க வீட்டு விளக்குக்கு வர்றேன்.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு வருஷம் ஆத்தில் தண்ணி வரலை, மழையும் ஏமாத்திடுச்சு. குறுவை போட முடியலை, சம்பா கருகிப் போச்சு. வீட்டுப் பித்தளை ஒவ்வொண்ணா அடகுக் கடைக்குப் போச்சு. முதல்ல அண்டா, அப்புறம் தவலை, குடம். கடைசியா ஒரு நாள் அப்பா விளக்கைத் தூக்கினார். அம்மா ஒண்ணும் பேசலை. அழவும் இல்லை. விளக்கு இருந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகி, கோலம் போட்டு, அதே இடத்தில் ஒரு மண் அகல் வெச்சாங்க. சாயங்காலம் வழக்கம்போல ஏத்தினாங்க. அதுக்கு எண்ணெய் வாங்கவும் காசு இல்லாம, ஆடி மாசத்தில் கோயில் குளத்து மேட்டில் விழுந்த இலுப்பைக் கொட்டையைப் பொறுக்கிச் செக்கில் கொடுத்து ஆட்டி வாங்கினது ஞாபகம் இருக்கு. பொறுக்கினது நானும் தம்பியும்தான். அந்த மரம் யாரோ முன்னோர் கோயில் விளக்குக்குன்னே வெச்ச மரம். எங்க வீட்டு அகலுக்கும் உதவிச்சு.

விளக்கு திரும்ப 14 மாசம் ஆச்சு. அடுத்த தை அறுப்பில் வட்டியும் முதலும் கட்டி அப்பா மீட்டுக்கிட்டு வந்தார். அம்மா புளி போட்டு விளக்கி, பொட்டு வெச்சு, பழைய இடத்தில் வெச்சாங்க. ஆனா அந்த அகலை எடுக்கலை. பக்கத்திலேயே வெச்சு அதையும் சேர்த்து ஏத்துவாங்க. "இல்லாதப்ப நின்னது அதுதானே"ன்னு ஒரு தடவை சொன்னாங்க. சாகிற வரைக்கும் ரெண்டும் எரிஞ்சுது.

விளக்கு அணைஞ்சுதுன்னு அம்மா வாயில் வந்ததே இல்லை. மலையேறிடுச்சும்பாங்க. அமத்துன்னுகூட யாரும் சொல்லக் கூடாது, குளிர வைம்பாங்க.

கடையிலேர்ந்து விளக்கைத் திருப்பிக் கொண்டு வந்த அன்னிக்கு மகள்கிட்டக் கேட்டேன், பாட்டி விளக்கையே உனக்குச் சீராத் தரட்டுமான்னு. "அப்பா, திருப்பூர்ல ரெண்டு ரூம் வீடு. இதை எங்கப்பா வைக்கிறது? யார் தேய்க்கிறது? எனக்குச் சின்னதா ஒரு காமாட்சி விளக்கு போதும்"னாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனா அவ சொல்றதிலயும் நியாயம் இருக்கு. அப்புறம் போகும்போது திரும்பி நின்னு, "அந்த அகலை வேணா கொடுங்க"ன்னாள். கொடுக்கிறதாச் சொல்லியிருக்கேன். சபைக்கு வைக்கப் புதுக் குத்துவிளக்கு சின்னதா ஒண்ணு கைக்காசில் வாங்கிக்கலாம்னு வீட்டிலயும் ஒத்துக்கிட்டாங்க. அதுக்குப் பதிலா சாப்பாட்டில் ரெண்டு ஐட்டம் குறையும். பரவாயில்லை.

பெரிய விளக்கு வீட்டில்தான் இருக்கு. ஆனா ஊர்ச் சிவன் கோயில்ல விளக்கு சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் எரியுது. ஒரு கால பூஜை. குருக்கள் நாலு கோயிலுக்கு டிவிஎஸ் 50-ல ஓடுறார், எண்ணெய்க் கேனையும் அவரே கொண்டு வர்றார். யாரையும் குறை சொல்லி எழுதலை. உபயம் கேட்டா விளக்கு வாங்கித் தர ஆள் இருக்கு. பேர் பொறிச்ச விளக்கு மூணு அங்கே தூசி படிஞ்சு நிக்குது. எண்ணெய் தர ஆள் இல்லை.

பழைய காலத்தில் விளக்குக்குன்னு விட்ட நிலத்துக்கு விளக்குப்புறம்னு பேர். அந்த மாதிரி நான் என்ன பண்ண முடியும்னு கணக்குப் போட்டேன். ஆத்தோரத்தில் அரை மா மேடு இருக்கு, சம்பாவுக்கு அப்புறம் சும்மாத்தான் கிடக்கும். எள்ளு போட்டா, பூக்கிற நேரத்தில் மழை கெடுக்காம இருந்தா, 35, 40 கிலோ வரும். செக்கில் ஆட்டினா கிலோவுக்கு நானூறு மில்லி வாக்கில் 15 லிட்டர் வரும். தினம் 40 மில்லி ஊத்தினா ஒரு வருஷம் ஓடும். ஒரு விளக்குக்கு 96 ஆடுன்னா, எங்க ஊர் விளக்குக்கு அரை மா எள்ளு.

குருக்கள்கிட்டச் சொன்னேன். சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். "ஆரம்பிக்கிறது சுலபம். அடுத்த வருஷமும் வரணும், அதுக்கடுத்த வருஷமும் வரணும். நின்னு போற விளக்கை நான் நிறையப் பார்த்துட்டேன்"னார். ராஜராஜன் எழுத்துக்காரங்க கேட்டதும் இதையேதான். அதனால தம்பியைக் கூப்பிட்டு, எனக்கு முடியாம போனா நீ கொடுக்கணும்னு சொன்னேன். "சரிண்ணே, இலுப்பைக் கொட்டை பொறுக்குறதை விட இது சுலபம்தானே"ன்னான். கல்வெட்டு இல்லாததால இங்கே எழுதி வைக்கிறேன். எண்ணெய்க்குப் பொறுப்பு நான், எனக்கு ஜாமீன் என் தம்பி.

மாசி முதல் வாரத்தில் மண்ணு ஈரம் இருக்கும்போதே எள்ளு தெளிச்சாச்சு. நேத்துப் போய்ப் பார்த்தேன், பரவாயில்லாம முளைச்சிருக்கு. களை எடுத்துட்டு அடுத்த தடவை எழுதுறேன்.